கணினி சேர்க்கும், நாம்தான் பெயர் வைக்கணும்

மாணவர்களே, கோலா தெர்லாவில் பறித்த ஒரு தேயிலையை உலர்த்தி, மெல்லிய சீவலாக்கி, அகச்சிவப்பு நுண்ணோக்கியில் வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். 64 × 64 புள்ளிகள் கொண்ட படம் என்றால் 4,096 நிறமாலைகள் கிடைக்கும். இத்தனையையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியுமா? முடியாதுங்க. அதற்குத்தான் படிநிலைக் கொத்தாக்கம்.

1. தொடக்கத்தில் ஒவ்வொரு நிறமாலையும் ஒரு தனிக்குழு.
2. எல்லா இணைகளுக்கும் வேறுபாட்டைக் கணக்கிட வேண்டும். மொத்தம் 83,86,560 இணைகள்!
3. மிக நெருக்கமான இரண்டைச் சேர்க்க வேண்டும். ஒரே குழுவாகும் வரை இதையே தொடரணும்.
4. இணைந்த வரிசையைக் கிளைப்படமாக வரைந்து, ஓர் உயரத்தில் வெட்டினால் குழுக்கள் பிரியும். குழுவுக்கு ஒரு நிறம் கொடுத்தால் படம் தயார்.

இங்கேதான் கவனம் தேவை. கீழே வெட்டினால் குழுக்கள் கூடும். மேலே வெட்டினால் குறையும். இலை மாறவில்லை, படம் மட்டும் மாறிவிடும்! அந்த நிறங்களும் இலையின் நிறங்கள் அல்ல. குழுவின் சராசரி நிறமாலையைப் படித்த பிறகே பெயரிட வேண்டும். 2920, 2850 செ.மீ⁻¹ அருகே உட்கவர்தல் வலுவாக இருந்தால், அது மேற்தோலின் மெழுகாக இருக்கலாம். 1650 அருகே என்றால் புரதமாக இருக்கலாம்.

ஆகவே, விடையில் ‘கணினி மெழுகைக் கண்டுபிடித்தது’ என்று எழுதாதீர்கள். ‘கணினி ஒத்தவற்றைச் சேர்த்தது, ஆய்வாளர் அதை மெழுகு என விளக்கினார்’ என்று எழுதுங்கள். அதுவே சரியான விளக்கம்.