பூட்டினால் மட்டும் போதாது, சாவி யாரிடம்?

கிளவுடில் தகவல்களை என்க்ரிப்ஷன் செய்து பூட்டிவிட்டால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கியும் பூட்டித்தான் வைத்திருந்தது. 2019-ல் சுமார் 10.6 கோடி பேரின் விவரங்கள் திருடுபோயின. ஊடுருவியவரிடம் சிக்கிய அனுமதி, பூட்டிய தகவலையும் திறக்கக்கூடியதாக இருந்தது. 2020-ல் வங்கிக்கு 8 கோடி டாலர் அபராதம்.

கிளவுட் பயன்படுத்தும் கடையோ பள்ளியோ ஜமாஅத் அலுவலகமோ, சாவிக்கான அனுமதிப் பட்டியலைப் பாருங்கள். மக்கள் தந்த விவரம் அமானிதம். வேலையை விட்டுச் சென்றவர்களையும் இப்போது பயன்படாத மென்பொருள்களையும் நீக்குங்கள். அனுமதியை நீக்கினால் மறுபடி தரலாம். சாவியையே அழித்தால் தகவல் திரும்பாது.

திருமானூரிலிருந்து வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு கூகுள் டிரைவில் பட்டா, பாஸ்போர்ட் நகல்களைப் பகிர்ந்திருக்கிறீர்களா? அவற்றை வேறு யாரெல்லாம் திறக்க முடியும் என்று இன்றே பாருங்கள்.