காரின் கூரைத் துணி ஏன் தொங்குகிறது?

காருக்குள் அமர்ந்து அண்ணாந்து பார்த்தால் தலைக்கு மேல் துணி ஒன்று தெரிகிறது அல்லவா? அது தகரத்தை மறைக்க மட்டும் போட்டதன்று. வெயிலில் காய்ந்த தகரத்தின் சூட்டையும், மழையின் இரைச்சலையும் ஓரளவு தடுப்பது அதுதான். பழைய கார் வாங்கியவர்களுக்கு அது கழன்று தொங்குவதும் தெரிந்திருக்கும்.

1948-இல் வெளிவந்த மோரிஸ் மைனர் போன்ற கார்களில் இந்தத் தொல்லை குறைவு. துணியின் மேற்புறத்தில் குறுக்கே உறைபோலத் தைத்து, வளைந்த கம்பிகளைச் செருகிக் கூரையோரங்களில் மாட்டினார்கள். பந்தலுக்கு மேற்கட்டி கட்டுவது போலத்தான். துணி கிழிந்தாலொழியத் தொங்காது.

பிற்காலக் கார்களில் அச்சில் அழுத்திய அட்டையின்மேல், பஞ்சு வைத்த துணியை ஒட்டுகிறார்கள். அந்தப் பஞ்சு நம் தோட்டத்துப் பால்மரத்திலிருந்து வந்ததென்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை, 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் குழுவினர் கண்டறிந்த பாலியூரித்தேன் என்னும் செயற்கைப் பொருள் அது. பினாங்கில் வெயிலும் ஈரமும் ஆண்டு முழுதும் ஓய்வதில்லை. மூடிய காருக்குள் கூரையடியில் தேங்கும் சூட்டில் பஞ்சு இற்று மாவாகிவிடுகிறது. துணி நன்றாகவே இருக்கும். அதைப் பிடித்திருந்த பஞ்சுதான் போய்விட்டது.

இது தெரியாமல் நாங்களும் ஏமாந்தோம். ஜார்ஜ் டவுனில் ஒரு குஷன் கடையில் பழைய துணியையே பசை தடவி ஒட்டி வாங்கினோம். இரண்டு மாதம் தாங்கவில்லை. 1985-இல் திறந்த பினாங்குப் பாலத்தில் ஒருநாள் சன்னலைத் திறந்தபடி வந்தோம். துணி பலூன் போல உப்பி, பின்னால் பார்க்கும் கண்ணாடியை மறைத்துவிட்டது. பக்கத்தில் லாரி வேறு! பிறகு குண்டூசி குத்திப் பார்த்தோம். பிள்ளையின் மடியில் ஊசி விழுந்ததும் அதையும் விட்டோம்.

ஆகவே கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, அட்டையைக் கழற்றிப் பழைய பஞ்சைச் சுரண்டுவீர்களா என்பதுதான். அட்டையை மடங்காமல் வெளியே எடுத்து, பஞ்சைப் பொட்டில்லாமல் தேய்த்தெடுக்க வேண்டும். தூசி பறக்கும், மூக்கை மூடிக்கொள்ள வேண்டும். பிறகு சூடு தாங்கும் பசையை அட்டையிலும், பஞ்சு வைத்த புதுத் துணியிலும் தெளித்து, சற்றுக் காயவிட்டு, நடுவிலிருந்து ஓரம்நோக்கித் தடவி ஒட்டுவார்கள். பசையின் ஆவி தீப்பற்றும். பக்கத்தில் சிகரெட் கூடாது.

கூரையோரத்தில் காற்றுப்பை வைத்த கார்களும் உண்டு. அவற்றை வீட்டில் கழற்றாதீர்கள், பழகியவரிடம் விடுங்கள்.