ஜேபெக் படம் சுருங்குவது எப்படி?

நமது கண் ஒளியின் ஏற்றத்தாழ்வை நுட்பமாக அறியுமேயன்றி, வர்ணத்தின் சூக்ஷ்ம பேதங்களை அவ்வளவு கூர்மையாக உணராது என்னும் உண்மையே, 1992-இல் சர்வதேசத் தரமாக அங்கீகரிக்கப்பட்ட ஜேபெக் முறைக்கு ஆதாரமாகும். அம்முறை, பெரும்பாலும் வர்ண விவரங்களை முதலில் குறைத்து, பின்பு படத்தைப் பக்கத்துக்கு எட்டாக 64 புள்ளிகள் கொண்ட சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மெல்ல மாறும் அலைகளும் விரைந்து மாறும் அலைகளும் சேர்ந்த கூட்டாகக் கணித்து, கண் எளிதில் காணாத விரைந்த அலைகளிற் பலவற்றைப் பூஜ்யமாக்கிவிடுகிறது.

ஆகவே, தெளிந்த நீலவானம் சில எண்களில் அடங்கிவிடும். வெண்தாளில் அச்சிட்ட கரிய எழுத்தோ, அதன் கூரிய விளிம்புக்கு விரைந்த அலைகள் இன்றியமையாதன ஆதலால், ஓரங்களில் கலங்கித் தோன்றும்.

கழித்த விவரம் மீளாது. திருத்தித் திருத்திச் சேமிக்குந்தோறும் சேதம் பெருகக்கூடும். மூலப்படத்தைத் தொடாது பாதுகாத்து, பிரதியில் மட்டுமே திருத்துங்கள்.