தாத்தா அமைச்சர், பேரன் குக்கர்

ஆம்பூரில் ஷூ கம்பெனி முதலாளிகள் நாலு பேர் கூடினால் பேச்சு மூன்று பக்கம் போகும்: 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீதமாக ஏற்றிய வரி, பாலாற்றுக் கழிவு வழக்கு, படிக்கப் போன வெளிநாட்டிலேயே தங்கிவிட்ட மகன். முதல் இரண்டையும் எல்லாரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது மூன்றாவதுதான். அதைச் சொல்ல ஒரு குக்கர்காரரின் கதை வேண்டியிருக்கிறது.

டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் அரசியல் ஊரறிந்தது. அவர் 1928இல் தொடங்கிய வியாபாரம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சோப்பு, சாக்லேட், பேனா என்று வெளிநாட்டுச் சரக்கை வாங்கி ஊர் ஊராக விற்ற கம்பெனி அது. 1952இல் அவர் மத்திய வணிக, தொழில் அமைச்சரானார். அந்தப் பத்தாண்டில் இறக்குமதிக்குக் கடிவாளம் விழுந்தது. அடி சொந்த வீட்டுக் கடைக்கும்தான். விற்றுப் பிழைத்த குடும்பம் இனி தானே செய்து விற்க வேண்டியதாயிற்று. பிரெஸ்டீஜ் குக்கர் வந்தது அப்படித்தான்.

பேரன் டி.டி. ஜெகந்நாதன் சென்னை ஐ.ஐ.டி.யில் தங்கப் பதக்கம் வாங்கி, மேற்படிப்புக்கு அமெரிக்காவின் கார்னெல் போனவர். கம்பெனி கடனில் மூழ்கிக்கொண்டிருந்த 1972இல் ஊர் திரும்பினார். குக்கர் வெடிக்கிறது என்ற புகாரும் கூடவே கிளம்பியது. பல வீடுகளில் தேய்ந்த சேஃப்டி வால்வுக்குப் பதிலாகக் கடையில் மலிவாகக் கிடைத்த போலியை மாட்டியிருந்தார்கள். ஜனங்களைத் திட்டி என்ன பயன்? மூடியின் விளிம்பிலேயே ஒரு திறப்பு வைத்தார். அழுத்தம் மிஞ்சினால் கேஸ்கெட் அதன் வழியாகப் பிதுங்கி ஆவியை வெளியே விட்டுவிடும். வால்வு போலியானாலும் ஆளுக்கு ஆபத்தில்லை. தாத்தா பெயரை வைத்து இதைச் செய்ய முடியாது. பட்டறையில் நிற்க வேண்டும்.

மந்திரி பேரன் என்றால் வங்கிக் கதவு தானே திறக்கும் என்பார்கள். திறந்திருக்கலாம். கடனை அடைத்தது குக்கர்தான்.

தோலுக்கும் அரசியல் புதிதல்ல. அரசியல் தலைவர்களான ஜமால் முகமதுவும் காயிதே மில்லத்தும் தோல் வணிகர்களே. இறக்குமதிக் கட்டுப்பாடு கிருஷ்ணமாச்சாரி குடும்பத்தைத் திருப்பிவிட்டது போலவே 1973 ஆம்பூர் வட்டாரத்தைத் திருப்பியது. அதுவரை ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பாதி பதமாக்கிய தோலைக் கப்பலேற்றியே வாணியம்பாடியும் பேரணாம்பட்டும் பிழைத்தன. அதன் ஏற்றுமதிக்கு மத்திய அரசு வரம்பு கட்டியது. முணுமுணுத்துக்கொண்டே முழுதாகப் பதமாக்கிய தோலுக்கும், பிறகு ஷூவுக்கும் மாறினார்கள். தோல் கழிவு பற்றிய 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் சுத்திகரிப்புச் செலவையும் சுமந்தார்கள். அன்றைக்கு மாறத் துணிந்த வீடுகளில் தோலைத் தொட்டுப் பார்த்தே தரம் சொல்லும் ஒரு பிள்ளையாவது இருந்தான்.

இன்றைய பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் தோல் நாற்றத்துக்குத் திரும்பிவர எத்தனை பேர் தயார்? வரிக்கு வேறு சந்தை தேடலாம், ஐரோப்பா இருக்கிறது. காலையில் கிராமம் கிராமமாக வேன் ஏறி ஷூ கம்பெனிக்கு வரும் பெண்களுக்கு வேறு என்ன இருக்கிறது? முதலாளி மகன் துபாயிலிருந்து வீடியோவில் தலைகாட்டுகிறான். லெதர் வேண்டாம், செயற்கைத் தோல் போதும் என்று வாங்குபவர் சொல்லும் நாளில் லைன் பக்கத்தில் நின்று முடிவெடுக்க வேண்டியவன் அவன்தான்.