கதிரவன் மின்சாரமும் கடற்கரைக் கூரையும்

காட்டுப்பள்ளி, எண்ணூர், திருவொற்றியூர் என நீளும் வடசென்னைக் கடற்கரைக்கு மின்சார உற்பத்தி புதிய தொழிலன்று. 1970-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச்சு மாதத்தில் மூடப்பட்டது. அத்திப்பட்டு, வல்லூர் ஆகிய இடங்களிலுள்ள அனல்மின் நிலையங்கள் இன்றும் நிலக்கரியை எரித்து மின்விசை வழங்கி வருகின்றன. உயர்ந்த புகைபோக்கிகளைக் கண்டு பழகிய இவ்வட்டாரத்தில், வீட்டு மாடிகளிலும் இப்போது சிறு மின் நிலையங்கள் தோன்றி வருகின்றன. சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடங்களில் நெசவாளரும் விவசாயிகளுமாகிய அங்கத்தினர்கள், "சூரிய மின்தகடு அமைத்துக்கொள்ளலாமா?" என்று நம்மிடம் கேட்கின்றனர். அமைத்துக்கொள்ளலாம் என்பதே நமது விடை. எனினும், தகட்டின் விலையை விசாரிப்பதற்கு முன் தத்தம் கூரையின் நலத்தை விசாரித்தல் வேண்டும். தகடு 25 ஆண்டுகள் உழைக்கும் பொருள். அதைத் தாங்கும் கூரை அத்தனை ஆண்டுகள் நிலைக்காவிடில், கடன் பெற்றுச் செய்த செலவு வீணாகும்.

வரவும் செலவும்

வீட்டுக் கூரைகளில் சூரிய மின்சாரம் அமைக்க மத்திய அரசு 2024 பிப்ரவரியில் ஒரு கோடி இல்லங்களுக்கான திட்டத்தை அறிவித்தது. இதன்படி 1 கிலோவாட் அமைப்புக்கு ரூ.30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் எனில் ரூ.78,000 உதவித்தொகையாகக் கிடைக்கும். இது குடியிருப்புக்கே உரியது; தனிக் கொட்டகையில் இயங்கும் விசைத்தறிக் கூடத்திற்கு அன்று.

ஒரு கிலோவாட் அமைப்புக்கு நிழல் விழாத இடம் ஏறத்தாழ 100 சதுர அடி வேண்டும். நம் பகுதியின் வெயிலில் அது நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட், இரு மாதங்களில் சுமார் 240 யூனிட் மின்சாரம் தரும். வீட்டுத் தேவைக்கு மிஞ்சியது மின்வாரியக் கம்பிக்குச் செல்லும். சென்றதையும் வந்ததையும் இருவழி மீட்டர் கணக்கிடும்.

ஆயினும் அண்டை வீட்டார் அமைத்த அளவைப் பார்த்து நாமும் அமைத்தல் கூடாது. ஓராண்டுக்குரிய ஆறு மின்கட்டணப் பட்டியல்களையும் எடுத்து வைத்துக் கணக்கிடுதல் வேண்டும். கைத்தறி நெசவாளர்களுக்கு இரு மாதங்களுக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-இல் 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டது. அவ்வளவிற்குள்ளேயே செலவு அடங்கும் நெசவாளர் இல்லத்தில் தகடு தரும் மிச்சம் சொற்பமே. அவர் கடன்பட்டு அவசரப்பட வேண்டியதில்லை. மின்கட்டணம் மிகுதியாகச் செலுத்தும் குடும்பத்திற்கே முதல் பயன்.

மற்றொன்றும் அறிந்திருத்தல் நலம். மின்கலம் இல்லாத சாதாரண அமைப்பு, தெருவில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் ஊழியரின் உயிரைக் காக்கவே இவ்வேற்பாடு. ஆகவே, புயல் இரவில் விளக்கெரியும் என்ற எண்ணத்துடன் இதனை வாங்குவோர் ஏமாற்றமடைவர்.

உப்பு, சாம்பல், காற்று

உள்நாட்டுச் சிற்றூரில் இல்லாத மூன்று தொல்லைகள் காட்டுப்பள்ளிக் கரையில் உண்டு.

முதலாவது உப்பு. கிழக்கே வங்கக்கடலும் மேற்கே உப்பங்கழியும் சூழ்ந்த இவ்விடத்தில், காற்றிலேயே உப்பு கலந்துள்ளது. சாதாரண இரும்புச் சட்டம் இரண்டொரு மழைக்காலத்தில் துருவேறத் தொடங்கும். சட்டம் துத்தநாகத்தில் தோய்த்தெடுத்த இரும்பாகவோ அலுமினியமாகவோ இருத்தல் வேண்டும். போல்ட்டும் நட்டும் துருப்பிடியா எஃகாக இருத்தல் வேண்டும். அலுமினியத்தின்மீது சாதாரண இரும்புப் போல்ட்டை முடுக்கினால், உப்பீரம் படும்போது இரண்டும் ஒன்றையொன்று அரிக்கும். உப்புக்காற்றைத் தாங்குமா என்று தகடுகளைச் சோதிக்க ஐ.இ.சி. 61701 என்னும் உலகத் தரமுறை உள்ளது. அச்சான்று கொண்ட தகட்டையே கேட்டு வாங்குக.

இரண்டாவது சாம்பலும் நிலக்கரித் தூசும். இவை இரவுப் பனியில் நனைந்து, வெயிலில் காய்ந்து, கண்ணாடியின்மேல் படலமாகப் படியும். குறிப்பாகத் தகட்டின் கீழ் விளிம்பில் தடித்துச் சேரும். தகட்டிலுள்ள சில்லுகள் ஒன்றோடொன்று சங்கிலிபோல் இணைந்திருப்பதால், ஓரிடத்து மறைப்பு ஏனைய சில்லுகளின் உழைப்பையும் குறைத்துவிடும்.

மூன்றாவது காற்று. 2016 டிசம்பர் 12 அன்று சென்னையருகே கரை கடந்த வர்தா புயலை இவ்வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். கட்டடங்களுக்கான இந்தியத் தரமுறை, சென்னைப் பகுதிக்கு வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் காற்று வேகத்தைக் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. அவ்வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் விழும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 150 கிலோ எடைக்குச் சமம். இரண்டரைச் சதுர மீட்டருள்ள தகடொன்றின்மீது இது 375 கிலோ ஆகிறது. தகட்டின் எடையோ 28 கிலோ அளவே. எனவே, தகடு கூரையை அழுத்துவதைக் காட்டிலும், காற்று அதனைப் பெயர்த்தெடுக்க முயல்வதே பெரிய அபாயமாகும். சட்டத்தின் காலடியில் நாலு செங்கல்லை அடுக்கி வைத்து நிறுத்துவது எவ்வகையிலும் போதாது.

கூரைச் சோதனை

தகடு ஏறிய பின் அதன் அடியில் கொத்து வேலை செய்வது கடினம். ஆகவே பழுதுகளை முன்னரே பார்த்தல் வேண்டும். அறையின் உட்கூரையில் துருக்கறை, கம்பியின் போக்கிலேயே ஓடும் விரிசல், உதிர்ந்த பூச்சு ஆகியவை உளவா எனக் காண்க. சிறு சுத்தியலால் மெல்லத் தட்டும்போது வெற்றொலி எழுந்தால், உள்ளே கம்பி துருத்துப் பருத்துள்ளது என ஐயுறலாம். அத்தகைய தளத்தைக் கட்டடப் பொறியாளரிடம் காட்டாமல் தகடு ஏற்றலாகாது. பின்னர் மழைநீர்க் குழாயின் வாயை அடைத்து, மாடியில் இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, ஒரு நாள் விட்டு வைத்தால் ஒழுக்கு எங்குள்ளது என்பது வெளிப்பட்டுவிடும்.

நம் மாடிகள் பலவற்றில் காங்கிரீட் தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு, அதன்மேல் தட்டோடு பதித்திருக்கும். வெயிலையும் மழையையும் தடுப்பது இம்மேல் தளமே. நாம் பார்வையிட்ட ஓர் இல்லத்தில், தகடு அமைக்க வந்தவர்கள் தட்டோட்டின் வழியே துளையிட்டுப் போல்ட்டு இறக்கிச் சென்றிருந்தனர். முதல் ஐப்பசி மழையிலேயே நீர் ஜல்லிக்குள் இறங்கி, தறியிருந்த அறையில் சொட்டியது. பாவும் நனைந்து பாழாயிற்று. முறையான வழி வேறு: கால் ஊன்றும் இடங்களில் மட்டும் தட்டோட்டையும் ஜல்லியையும் அகற்றி, காங்கிரீட் தளத்தோடு பிணைந்த சிறு காங்கிரீட் பீடங்களை எழுப்பி, சுற்றிலும் சரிவாகப் பூசி, நீர்க்காப்புப் பூச்சிட்டு முடித்தல் வேண்டும். நீரோட்டத்தை மறிக்கும் இடத்தில் பீடம் அமைத்தலாகாது.

ஆஸ்பெஸ்டாஸ் கூரையின்மீது நேரே தகடு அமைத்தல் தகாது. அது ஆள் எடையையே தாங்காமல் முறியக்கூடியது. துளையிடும்போது எழும் தூசு நுரையீரலுக்குக் கேடு. அத்தகைய வீட்டார் கூரையை மாற்றிய பின்னரே இதனை எண்ணுதல் நன்று.

நாமே செய்யக்கூடியவை

தகட்டைக் கழுவுதல் வீட்டார் தாமே செய்யத்தக்க வேலை. விடியற்காலையில் அல்லது வெயில் தாழ்ந்த பின் கழுவுக. நண்பகலில் சூடேறிய கண்ணாடியின்மேல் குளிர்நீர் பட்டால் விரிசல் காணலாம். மென்மையான துணி போதும். சோப்புத்தூளும் தேய்ப்பானும் வேண்டா. உவர்ப்பான ஆழ்குழாய் நீர் வெள்ளைப் படலத்தை விட்டுச் செல்லும். சேமித்த மழைநீர் சாலச் சிறந்தது. தகட்டின்மேல் காலூன்றவே கூடாது.

எத்தனை நாளுக்கொருமுறை கழுவுவது என்பதைக் கணக்கே சொல்லும். இன்வெர்ட்டர் காட்டும் அன்றாட உற்பத்தியை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருக. நல்ல வெயில் நாட்களில் எண் படிப்படியாக இறங்குமாயின் கழுவும் நாள் வந்துவிட்டது. கழுவிய பின்னும் எண் ஏறாவிடில் பழுது வேறெங்கோ உள்ளது. சங்கத்தின் நாளேட்டைப் போன்றே இதுவும் ஒழுங்காக எழுதப்பட்டால்தான் பயன் தரும்.

ஆனால், மின் இணைப்புகளைத் தொடுதல் நமது வேலையன்று. சுவிட்சை அணைத்தாலும், வெயில் உள்ளவரை தகட்டிலிருந்து வரும் கம்பியில் மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும். வரிசையாக இணைத்த தகடுகளில் அது சில நூறு வோல்ட்டு அளவினதாகும். இணைப்பைக் கழற்றினால் தீப்பொறி எழுந்து உயிருக்கே இடராகலாம். எர்த் கம்பி, இடிதாங்கி, இன்வெர்ட்டர் ஆகியவற்றைப் பயிற்சி பெற்றவரே பார்த்தல் வேண்டும். மாடியில் தனியே ஏறுவதும், ஈரத்தில் ஓரத்தில் நிற்பதும் தவிர்க்கப்பட வேண்டியவை. உதவித்தொகைத் திட்டத்தின்படி, அமைத்துத் தந்தவரே ஐந்தாண்டுகள் பராமரித்துத் தரக் கடமைப்பட்டவர். அவ்வுரிமையைக் கேட்டுப் பெறுதல் நம் பொறுப்பு.

சங்கம் செய்யக்கூடியது

தனியொருவர் கேட்கும்போது தயங்கும் வணிகர், ஐம்பது அங்கத்தினர் ஒன்றாகக் கேட்கும்போது பணிவர். நமது திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் 1904-ஆம் ஆண்டிலேயே கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது. வட்டிக்குக் கடன் வாங்கித் தவித்த விவசாயிக்கு அன்று கைகொடுத்த அதே தத்துவம் இன்று மின்சாரத்திற்கும் பொருந்தும். குஜராத் மாநிலம் கேடா மாவட்டத்திலுள்ள துண்டி கிராமத்தில், ஆறு விவசாயிகள் சேர்ந்து 2016-இல் சூரியப் பம்பு கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். பாசனத்திற்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின் விநியோக நிறுவனத்திற்கு விற்று வருவாய் ஈட்டினர். வெயிலும் ஒரு விளைபொருளே என்பதை அவர்கள் காட்டினர்.

நம் சங்கங்கள் அவ்வளவு பெரிய முயற்சியுடன் தொடங்க வேண்டியதில்லை. விருப்பமுள்ளோரின் பெயர்ப் பட்டியலைத் தயாரித்து, ஒரே ஒப்பந்தத்தில் விலை கேட்கலாம். துருப்பிடியாப் போல்ட்டு, உப்புக்காற்றுச் சான்று, காற்று வேகக் கணக்கு, கூரை ஒழுகினால் செப்பனிடும் பொறுப்பு ஆகிய நான்கையும் ஒப்பந்தத்தில் எழுத்தில் பெறலாம். ஆண்டுதோறும் புரட்டாசியில், பெருமழைக்கு முன்பாக, ஒரு பொறியாளரையும் ஒரு கொத்தனாரையும் அமர்த்தி அங்கத்தினர் வீட்டுக் கூரைகள் அனைத்தையும் பார்வையிடச் செய்யலாம். தளர்ந்த போல்ட்டை முடுக்குவதற்கும், அடைபட்ட மழைநீர்க் குழாயைத் திறப்பதற்கும் ஒரு நாள் போதும். இச்செலவை ஆளுக்குச் சிறு தொகையாகப் பகிர்ந்துகொண்டால் யாருக்கும் பாரமாகாது. வரும் பொதுக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இவ்விஷயத்தைச் சேர்க்குமாறு அங்கத்தினர்கள் தத்தம் நிர்வாகக் குழுவினருக்கு இப்போதே எழுதுவார்களாக.