நிதித்துறையில் முதுநிலைப் பட்டம்: சேரும் முன் ஒரு கணக்கு

பட்டம் பெற்று வங்கியிலோ காப்புறுதி நிறுவனத்திலோ நான்கைந்து ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு, நிதித்துறையில் ‘மாஸ்டர்ஸ்’ செய்யலாமா என்ற எண்ணம் பலருக்கு எழுகிறது. தொலைக்காட்சிக் கருத்தரங்குகளில் இக்கேள்வி வந்தால், “படியுங்கள், படிப்பு வீண் போகாது” என்ற பதில்தான் முதலில் கிடைக்கும். நல்ல மனத்தோடு சொல்லப்படும் பதில்தான் அது. ஆனால், நிதித்துறைப் படிப்பின் ஆரம்பப் பாடமே இந்தப் பதிலைக் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லும்.

கிள்ளானில் வசிக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம். மகளுக்கு வயது 29. வங்கியில் மாதம் 4,500 வெள்ளி சம்பளம். முதுநிலைப் படிப்புக்குக் கட்டணம் 30,000 வெள்ளி. லாரி ஓட்டும் அப்பாவுக்கு வயது 50. “என் இபிஎஃப் பணத்தை எடுத்துக்கொள், ஓர் ஆண்டு வேலையை விட்டுவிட்டுப் படி” என்கிறார்.

இந்தப் படிப்பின் உண்மையான செலவு என்ன? 30,000 என்பது பாதிப் பதில்கூட இல்லை. வேலையை விட்டால் ஓராண்டுச் சம்பளம் 54,000 வெள்ளி போகிறது. ஆக மொத்தம் 84,000. படித்து முடித்ததும் சம்பளம் மாதம் 600 வெள்ளி கூடுகிறது என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 7,200. வெறும் வகுத்தல் கணக்கிலேயே போட்ட பணம் திரும்ப 11 ஆண்டு 8 மாதம் ஆகும்.

அதுவும் சரியான கணக்கு ஆகாது. இன்றைய வெள்ளியும் பத்து ஆண்டு கழித்து வரும் வெள்ளியும் ஒன்றல்ல. தோட்டத்தில் ஏலக் கூட்டு பிடித்த பெரியவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் மாதமே பணம் வேண்டும் என்பவர் தள்ளுபடி கொடுத்துத்தான் எடுப்பார். கடைசி வரை காத்திருப்பவருக்கே முழுத்தொகை கிடைக்கும். (1971ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டு நடத்துவதைத் தடை செய்துவிட்டது என்பது வேறு விஷயம்.) பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயர் ‘நிகழ்கால மதிப்பு’. ஆண்டுக்கு 5 விழுக்காடு கழித்துப் பார்த்தால், அந்த 84,000 திரும்பி வர ஏறக்குறைய 18 ஆண்டுகள் ஆகின்றன. மகளுக்கு அப்போது 48 வயது.

வேலையில் இருந்துகொண்டே பகுதி நேரமாகப் படித்தால் சம்பளம் போகாது. கட்டணம் மட்டும்தான். அதே 5 விழுக்காட்டில் ஐந்து ஆண்டுக்குள் பணம் திரும்பிவிடும். ஆனால், அங்கே செலவாவது நேரம். மலேசியத் தகுதிச் சட்டகத்தின்படி பாடவழி முதுநிலைப் பட்டத்துக்குக் குறைந்தது 40 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட் என்றால் 40 மணி நேர உழைப்பு. மொத்தம் 1,600 மணி நேரம். இரண்டு ஆண்டில் முடிக்க வேண்டுமானால், விடுமுறை வாரங்களையும் சேர்த்து, வாரத்துக்கு 15 மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க வேண்டும். ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டி இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவர் இதை நன்றாக யோசிக்க வேண்டும். இடையில் விட்டுவிட்டால் கட்டிய கட்டணம் போனதுதான். புள்ளியியலில் பழக்கம் இல்லாதவர்களுக்கு இந்தப் படிப்பில் சிரமம் அதிகம்.

அடுத்து, யாருடைய பணம்? ஊழியர் சேமநிதியில் இருந்து சொந்தப் படிப்புக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் பணம் எடுக்கலாம். 2024 மே மாதம் கணக்குகள் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பிறகு, இதற்கான பணம் ‘செஜாத்ரா’ கணக்கில் இருந்து வருகிறது. அந்த வாரியம் 2023ஆம் ஆண்டுக்கு 5.50 விழுக்காடும், 2024ஆம் ஆண்டுக்கு 6.30 விழுக்காடும் லாப ஈவு அறிவித்தது. 5 விழுக்காடு என்று குறைத்துக் கணக்கிட்டாலும், அப்பா எடுத்துக் கொடுக்கும் 30,000 வெள்ளி அவருடைய 60ஆவது வயதில் ஏறக்குறைய 48,900 ஆகியிருக்கும். மகள் தன் கணக்கில் இருந்து எடுத்தாலும் இழப்பு உண்டு. ஆனால் அதை மீண்டும் நிரப்ப அவருக்கு இன்னும் முப்பது ஆண்டு உழைப்பு இருக்கிறது. அப்பாவுக்கு அது இல்லை. “பிள்ளைக்குத்தானே” என்று அவர் சொல்வார். சொல்லாத அப்பா யார்? அதனால்தான் மகள் கணக்குப் பார்க்க வேண்டும்.

வருமான வரியிலும் ஒரு தவறான எண்ணம் உண்டு. முதுநிலைப் படிப்புக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 7,000 வெள்ளி வரை வரிவிலக்கு உள்ளது. அந்த 7,000 கைக்குத் திரும்பி வராது. 11 விழுக்காடு வரி கட்டும் நிலையில் இருப்பவருக்கு மிச்சம் 770 வெள்ளிதான்.

இவ்வளவும் படிக்காதே என்று சொல்வதற்கு அல்ல. மாதம் 600 என்பது ஒரு ஊகம்தான். அதுவே 1,500 ஆனால் கதை மாறிவிடும். கிளையில் கடன் மனுக்களைப் பார்ப்பவர் தலைமையகத்தின் இடர் நிர்வாகப் பிரிவுக்கு மாற விரும்பினால் இந்தப் பட்டம் கதவைத் திறக்கக்கூடும். பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் ஆக நினைப்பவருக்கு முதுநிலைப் பட்டம் கட்டாயம். இஸ்லாமிய நிதித்துறைக்கென்றே பேங்க் நெகாரா கோலாலம்பூரில் தொடங்கிய இன்செய்ஃப் பல்கலைக்கழகத்தில் முஸ்லிம் அல்லாதோரும் படிக்கலாம். நம் பிள்ளைகள் அந்தப் பக்கம் அதிகம் பார்ப்பதில்லை என்பது வருத்தம். முதலீட்டு ஆய்வுப் பணிதான் இலக்கு என்றால், சிஎஃப்ஏ தேர்வும் இருக்கிறது. மூன்று கட்டம், வகுப்பு கட்டாயமில்லை, வேலையையும் விட வேண்டாம். தகுதி முழுமை பெற 4,000 மணி நேர வேலை அனுபவம் கேட்பார்கள். தேர்வு கடினம், முதல் கட்டத்திலேயே தோற்பவர்கள் ஏராளம்.

மகள் முதலில் செய்ய வேண்டியது, தன் மேலதிகாரியிடம் நேராகக் கேட்பது: இந்தப் பட்டம் இருந்தால் எந்தப் பதவி, எவ்வளவு சம்பளம்? கட்டணத்தில் ஒரு பகுதியை வங்கி ஏற்குமா? பிறகு, சேர நினைக்கும் படிப்பு மலேசியத் தகுதிப் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் பார்க்க வேண்டும். பதிவுக் கட்டணம் கட்டுவது அதற்குப் பிறகு.