‘இனிப்பு நீர்’ என்னும் சொல்லும் பராமரிப்போர் அறியவேண்டிய சீனித் தாழ்வும்

மலேசியத் தமிழர் நீரிழிவை ‘இனிப்பு நீர்’ என்றே பெரிதும் வழங்குகின்றனர். மலாய் மொழியின் ‘கெஞ்சிங் மானிஸ்’ என்பதும் அதே பொருளைத் தருவதாகும். தமிழ்நாட்டில் ‘சர்க்கரை நோய்’ என்பர். சித்த மருத்துவம் ‘மதுமேகம்’ என்னும். இப்பெயர்கள் அனைத்தும் இனிப்பின் மிகுதியையே சுட்டுகின்றன. நோயை அடையாளங்காண இவை உதவின என்பதில் ஐயமில்லை. ஆயின், நோயாளியைப் பராமரிப்போர்க்கு இவை பாதி உண்மையையே உணர்த்துகின்றன.

2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதைக் கடந்தோருள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி செல்லும் சாலையிலுள்ள உலு திராம் போன்ற ஊர்களில் தோட்டங்களில் உழைத்த தலைமுறை முதுமை எய்திவிட்டது. பிள்ளைகளுள் பலர் விடியுமுன்னரே ஜொகூர் பாருவுக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் புறப்பட்டுவிடுகின்றனர். அத்தகைய வீடுகளில் ஊசியும் மாத்திரையும் உணவும் பகல் முழுதும் பணிப்பெண்ணின் பொறுப்பில் உள்ளன. முதியோர் இல்லமாயின் அங்குள்ள பணியாளரின் பொறுப்பில். அவருக்குக் கூறப்படும் அறிவுரையோ பெரும்பாலும் ஒன்றுதான்: “பாட்டிக்குச் சீனி கொடுக்காதே.”

சீனி கொடுத்தே ஆகவேண்டிய வேளையும் உண்டு. இன்சுலின் ஊசியும், கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இரத்தத்திலுள்ள சீனியை அளவுக்கு மீறித் தாழ்த்திவிடக்கூடும். மருந்தை உட்கொண்டு உணவைத் தவிர்த்தால் இந்நிலை எளிதில் நேரும். மெட்போர்மின் மட்டும் உட்கொள்வோர்க்கு இது அரிது. ஆகவே, நோயாளி உண்பது எந்த மாத்திரை என்பதைப் பணியாளர் அறிந்திருத்தல் வேண்டும். நம்மவரிடையே விரதம் இதற்கொரு முக்கியக் காரணமாகும். வெள்ளிக்கிழமையும் சஷ்டியும் மருந்துக்குத் தெரியா! விரதத்திற்கு முன்பே மருத்துவரைக் கலந்து மருந்தின் அளவை மாற்றிக்கொள்வதே முறை.

குளிர்ந்த வியர்வை, கைந்நடுக்கம், படபடப்பு, கடும் பசி ஆகியன சீனித் தாழ்வின் தொடக்க அறிகுறிகள். முதியோரிடம் இவை தெளிவாகத் தோன்றாமலும் போகலாம். இரத்த அழுத்தத்திற்கும் இதயத்திற்கும் தரப்படும் சில மாத்திரைகள் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். அப்போது குழறிய பேச்சு, காரணமற்ற சினம், தடுமாற்றம், மிகுந்த உறக்கம் ஆகியவையே எஞ்சும். “வயதாகிவிட்டது, அப்படித்தான் பேசுவார்” என்று விட்டுவிடுவது இங்குதான் ஆபத்தாகிறது.

கருவியில் அளவு 4 மில்லிமோலுக்குக் கீழிருப்பின், மூன்று தேக்கரண்டிச் சீனியை நீரில் கரைத்து உடனே கொடுக்கவேண்டும். கருவி இல்லையெனினும் அறிகுறி கண்டவுடன் கொடுத்துவிடலாம். அவ்வேளையில் கொடுக்கும் சிறிதளவு சீனியினும் காலத்தாழ்வே கேடு மிக்கது. சீனியற்ற பானம் பயன்படாது. சாக்லெட்டிலுள்ள கொழுப்பு சீனி இரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து, அளவு உயராவிடின் மறுபடியும் அதே அளவு கொடுத்தல் வேண்டும். தெளிந்தபின் ரொட்டியோ சோறோ உண்ணச் செய்யலாம். நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது. நீர் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து 999 எண்ணை அழைக்கவேண்டும். மாத்திரையால் நேர்ந்த தாழ்வு சில மணி நேரத்திற்குப் பின் மீண்டும் வரக்கூடும். எனவே, தெளிந்துவிட்டாரென்று மாத்திரை உண்பவரை வீட்டிலேயே வைத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது நன்று.

பணிப்பெண் இந்தோனேசியராயின் தமிழில் எழுதிய குறிப்பு அவருக்குப் பயன்படாது. மருந்தின் பெயர், கொடுக்கும் நேரம், உணவு நேரம், சீனிப் புட்டி இருக்குமிடம், பிள்ளைகளின் தொலைபேசி எண் ஆகியவற்றை மலாயிலும் எழுதிக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டிவைக்கலாம்.